முதலை வாயைத் திறந்த இடம்

விரலில் சுருக்கென்று குத்தியபோது உடைந்த தீக்குச்சி என்றுதான் நினைத்தேன். கண்ணாடிக்காகத்தான் பைக்குள் கையை விட்டேன், நேற்று ஷெட்டில் ஆணியில் கழற்றி மாட்டிய அதே காக்கிச் சட்டை, என் பெண்டாட்டி பாவாயி துவைக்கக் கேட்டும் கொடுக்காமல் மாட்டியது, கொடுத்திருந்தால் அவள் கையிலாவது குத்தியிருக்கும், நேற்றே குத்தியிருக்கும். வெளியே எடுத்துப் பார்த்தால் ஸ்பிளிட் பின். புதுசு. இரண்டு காலும் நேராக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விரியாமல், வெயிலில் மின்னிக்கொண்டு. கழற்றிய பழசாக இருந்தால் கால் கோணியிருக்கும், முனை கறுத்திருக்கும், பழசு அத்தனையையும் மணல் வாளியில் போட்டோம், போட்டதைப் பார்த்தேன். இது பழசில்லை. கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் இது பழசில்லை. தெற்கே காற்றாலைகள் பக்கம் சத்தம் கேட்கிறது, தையல் மிஷினைத் தகர டப்பாவுக்குள் வைத்து மிதித்தாற்போல ஒரு சத்தம், எங்கள் ஏரோப்பிளேன், அதற்குள்ளே என் மச்சினன் சென்னியப்பன் உட்கார்ந்திருக்கிறான். கடிகாரத்தில் எட்டு நாற்பது. கிளம்பி எட்டு நிமிஷம். அரை மணிக்குள் சுற்றிவிட்டு இறங்குவதாகப் பேச்சு, ஒன்பதுக்குமேல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிடும், அதற்கு முன் இறங்கிவிட வேண்டும். ஆளில்லாத ஓடுபாதை, யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது, விரிசலில் எல்லாம் ஆவாரஞ்செடி, மறு கோடியில் நான்கு ஆடுகள், நான், என் கையில் ஒரு பின். இவ்வளவு சின்னது. பல் குத்தக்கூடப் போதாது.

நேற்று எல்லாப் பின்னையும் மாற்றினோம், புதுசு ஐந்து எண்ணித்தான் போட்டோம். அது சென்னியப்பன் வைத்த சட்டம். வேலையை ஆரம்பிக்கும் முன் எத்தனை பின் வேண்டுமோ அத்தனையைத் சாப்பாட்டுத் தூக்குப்போசி மூடியில் எண்ணிப் போடுவது, முடிந்ததும் அவன் மூடியை எடுத்துக் கவிழ்த்து டங்கென்று தரையில் ஒரு தட்டுத் தட்டுவது, ஒன்றும் விழவில்லையென்றால் எல்லாம் அதனதன் துளையில் போய்விட்டது என்று அர்த்தம். ஒன்று விழுந்தால் எங்கோ ஒரு நட்டு அனாதையாக நிற்கிறது. போல்ட்டு நுனியில் ஒரு துளை, நட்டின் தலையில் கோட்டை மதில் மாதிரிப் பள்ளங்கள், இரண்டும் நேராக வரும்போது பின்னைச் செருகிக் காலை விரித்து மடக்கிவிட்டால் அந்த நட்டு பூகம்பம் வந்தாலும் கழலாது. பின் இல்லையென்றால் எஞ்சின் அதிர்வுக்கு அரைக்கால் சுற்று, கால் சுற்று என்று அதுபாட்டுக்குத் திரும்பிக்கொண்டே வரும், யாரிடமும் சொல்லாமல். ஓர் இறக்கைக்கு ஒன்று, இன்னோர் இறக்கைக்கு ஒன்று, சீட்டுக்கு அடியில் ஒன்று, வாலில் இரண்டு. ஐந்து. நேற்றுச் சாயங்காலம் மூடியைக் கவிழ்த்தான், டங்கென்று தட்டினான், காலி. “சுத்தம் மச்சா” என்றான். சுத்தந்தான். மூடி சுத்தம். மூடியிலிருந்து எடுத்ததை உதட்டில் கவ்விக்கொள்வேன் என்பதுதான் சட்டத்தில் இல்லை. இரண்டு கையும் வேண்டுமே, ஒன்றில் பிளேயர், ஒன்றில் நட்டு. தையல்காரன் குண்டூசியைக் கவ்வுகிற மாதிரி. ஐம்பது வருஷமாகக் கவ்வுகிறேன், பம்பு கம்பெனி வைத்திருந்த காலத்திலிருந்து. கவ்விக்கொண்டே பேசவும் தெரியும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் பேச முடியாது.

அப்போது கதை சொல்லிக்கொண்டிருந்தேன். எப்போதும் சொல்வதுதான். நாச்சிமுத்து வாயைத் திறந்தால் பாதி பொய் என்பார்கள் எங்கள் ஊரில், அது எனக்கு அவமானம், மீதிப் பாதி என்ன ஆயிற்று என்று கேட்பேன். நேற்று பத்துக் குதிரை மோட்டார் கதை. நானே கையால் காயில் சுற்றிய மோட்டாரை எங்கள் பெரியப்பன் கிணற்றில் இறக்கி, சுவிட்சைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன், அது எங்கள் கிணற்றை உறிஞ்சிவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றையும் உறிஞ்சி, குழாயில் மீன் வந்து, தவளை வந்து, அப்புறம் ஒரு பித்தளைக் குடம் வந்து, குடத்தின் கழுத்தில் கயிறு, கயிற்றின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்து அம்மிணி “என்ற கொடத்த உடுறா எச்சக்கலை” என்று கிணற்றுக்குள்ளிருந்து கத்தி, அதற்கும் அப்புறம் அமராவதி அணையிலிருந்து ஒரு முதலை. இடது இறக்கையில் பின் போடும்போது மீன் வந்துகொண்டிருந்தது. வலது இறக்கையில் தவளை. சீட்டுக்கு அடியில் போடும்போது குடம் பாதிக் குழாயில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்த மூன்றும் போட்டாயிற்று, சந்தேகமில்லை, இன்று காலையில் சென்னியப்பன் கிளம்பும் முன் சுற்றிவந்து விரலால் தடவிப் பார்த்தானே, மூன்றும் வெளியே தெரிகிற இடம். வாலில் உள்ள இரண்டும் தெரியாது. அவற்றின் மேல் தகர மூடி, எட்டுத் திருகு, நேற்றே நான் திருகி மூடிவிட்டேன். “வாலு?” என்றான் காலையில். “அதெல்லாம் நாம் பாத்தாச்சு மாப்ளே, ஏறு” என்றேன். பாத்தாச்சு. இதுவரை நான் சொன்ன பொய்கள் எல்லாவற்றையும் ஒரு வண்டியில் ஏற்றினால் மாடு படுத்துவிடும், ஆனால் இது பொய் என்று எனக்கே தெரியாமல் சொன்ன முதல் பொய்.

வாலில் இரண்டு. ஒன்று சுக்கானுக்கு, காலால் மிதித்து மூக்கை இடமும் வலமும் திருப்புகிறது. மற்றது வால் மடலுக்கு, கையில் இருக்கிற ஸ்டிக்கை இழுத்தால் மூக்கு மேலே, தள்ளினால் கீழே. சுக்கானாக இருக்கட்டும். சுக்கான் போனால் ஒன்றும் குடி முழுகாது, காற்றில்லாத நேரத்தில் சுக்கான் இல்லாமலே இறக்கிவிடலாம், கொஞ்சம் கோணலாக ஆவாரஞ்செடியில் போய் நிற்கும், சக்கரம் வளையும், வளையட்டும். மடலாக இருந்தால். மடலாக இருக்காது. எனக்கு இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது, மடலுக்குப் பின் போட்டுக் காலை விரித்தபோது பிளேயர் ஒரு முறை வழுக்கியது, கட்டைவிரல் நகத்தில் பட்டது. பட்டதா? நகத்தைப் பார்க்கிறேன். ஒரு கீறலும் இல்லை. பார்த்தாயா, கேட்டால் உடனே கொடுத்துவிடுகிறது, இப்படித்தான் என் தலை, என்ன வேண்டும் என்று கேட்டு அதே அளவுக்கு ஒரு ஞாபகத்தைத் தைத்துக் கொடுக்கும், பட்டன் உட்பட. ஊரை ஏமாற்ற வளர்த்த நாய் வாசலில் என்னையே கடிக்கிறது. சத்தம் மேற்கே திரும்புகிறது. இன்னும் ஓடுகிறது. ஓடுவதுதான் பயம், எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த நட்டை ஒரு மயிரிழை தட்டிவிடும்.

சாமிக்கண்ணு ஞாபகம் வருகிறான், வராமல் இருக்கமாட்டான். என் பம்பு கம்பெனியில் ஃபிட்டர். அவன் லேத்தில் நிற்கும்போது நான் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன், எந்தக் கதை என்பது மறந்துவிட்டது, அவன் சிரித்தான், சிரிக்கும்போது கண்ணை மூடுகிற ஆள், மூன்று விரல். பெல்ட்டு நழுவிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன், முதலில் சொன்னது நான்தான் என்று நினைக்கிறேன். பிறகு அதையும் கதையாக்கினேன். அந்த மூன்று விரலும் கிரீஸ் டப்பாவில் கிடந்து ராத்திரியில் தாளம் போடும் என்று. சாமிக்கண்ணுவே சிரிப்பான், இருக்கிற இரண்டு விரலால் மேஜையில் தட்டிக் காட்டுவான். பல வருஷம் சிரித்தான். ஒரு நாள் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ என்னைச் சொல்லச் சொன்னார்கள், நான் ஆரம்பித்தேன், அவன் இலையை மூடிவிட்டு எழுந்து போனான். கைகழுவப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். பாயசம்கூட வரவில்லை அப்போது. அவன் போனதைப் பார்த்துக்கொண்டே கதையை முடித்தேன், நல்ல சிரிப்பு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாவாயியிடம்கூட. அவளுக்குத் தெரிந்திருக்கும். இந்த ஏரோப்பிளேனுக்கு நாங்கள் இரண்டு கிழவர்களும் தபாலில் வரைபடம் வரவழைத்து, ஏழு வருஷம் குழாய் வெட்டி, துணி இழுத்துக் கட்டி, மூன்று பருத்தி மண்டித் தராசை மூன்று சக்கரத்துக்கும் கீழே வைத்து எடை பார்த்து, காகிதங்களை எல்லாம் வாங்கி முடித்து, கடைசியில் டாக்டர் என் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு நீங்கள் ஓட்டக்கூடாது என்று சொன்ன அன்று, பாவாயி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். “அப்ப என்ற தம்பி ஏறுவான், நீங்க கீழ நின்னு பாத்துக்குவீங்க. நல்லாப் பாத்துக்கோணும்.” நல்லா என்பதில் ஓர் அழுத்தம். சாமிக்கண்ணு அந்த நல்லாவுக்குள் இருந்தான்.

கயிறு. நேற்றைய கதையை அந்தக் குடத்துக் கயிற்றிலிருந்து பிடிக்கலாம். கதை என் கையில் இருக்கிறது, கை எங்கே இருந்தது என்பது கதைக்குத் தெரியும். தகர மூடியைக் கழற்றி வாலுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன், சென்னியப்பன் சீட்டில் உட்கார்ந்திருந்தான், ஒவ்வொன்றையும் மாட்டி முடித்ததும் நான் சொல்வேன், அவன் அசைத்துக் காட்டுவான். தூக்குப்போசி மூடியிலிருந்து ஒரு பின்னை எடுத்து உதட்டில் கவ்வினேன். அப்போது அந்த அம்மிணி கிணற்றுக்குள் கத்தத் தொடங்கினாள். அவள் கத்துவதை நான் வாயில் பின்னோடுதான் கத்துவேன், அவளுக்குப் புகையிலை அடக்கிய வாய், உதட்டை இறுக்கிக்கொண்டு பேசினால்தான் அவள் குரல் வரும். ஆக அப்போது பின் வாயில் இருந்தது. அப்புறம் அதை எடுத்துத் துளையில் விட்டேன், மடக்கினேன், “உதை மாப்ளே” என்றேன், அவன் மிதியை உதைத்தான், சுக்கான் என் காதோரமாக வந்துபோனது, காற்று பட்டது, அது நிஜம், அந்தக் காற்றை நான் தைக்கவில்லை. சுக்கானுக்குப் போட்டாயிற்று. போட்டாயிற்று என்றால். இரு. அவசரப்படாதே. அடுத்த பின்னை எடுத்தேன், கடைசிப் பின், கவ்வினேன், மடலின் நட்டைக் கையால் ஏற்றினேன், ஸ்பேனரால் இறுக்கினேன், அது ஞாபகம் இருக்கிறது, பள்ளமும் துளையும் நேராக வரவில்லை, இன்னும் ஒரு பொடி இறுக்க வேண்டும். சீட்டிலிருந்து சென்னியப்பன் கேட்டான், “அப்புறம்?” ஐம்பது வருஷமாகக் கேட்கிறான் அதை. பாவாயியை நான் கட்டிய அன்று, கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பந்தல்காலைப் பிடித்து நின்றவன், எல்லாரும் கொட்டாவி விட்ட பிறகும் அவன்தான் கேட்டான், அப்புறம் மச்சா, அப்புறம்? அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குக் கை நின்றுவிடும். பெருமாள் கோயில் யானைக்குக் கரும்பைக் காட்டுகிற மாதிரி. அப்புறம் என்ன, முதலை. முதலை வரவேண்டும் என்றால் குழாய் வாயில் அது வாயைத் திறக்கவேண்டும். அது வாயைத் திறக்கவேண்டும் என்றால் நான் வாயைத் திறக்கவேண்டும். இரண்டு கையையும் தாடை மாதிரி விரிக்கவேண்டும். உதட்டிலிருந்து பின்னை எடுத்தேன். பையில் போட்டேன். ஸ்பேனரை நெஞ்சின் மேல் வைத்தேன். ஆ.

எவ்வளவு நல்ல ஆ. மல்லாந்து படுத்துக்கொண்டு ஏரோப்பிளேன் வாலுக்கு அடியில் ஒரு முதலை. சென்னியப்பன் இருமி இருமிச் சிரித்தான், கண்ணைத் துடைத்தான், “போதுங் மச்சா, உசுரு போயிரும்” என்றான். அதற்கப்புறம் நான் “இழு மாப்ளே” என்று சொன்னேனா? தேடுகிறேன். அவன் ஸ்டிக்கை இழுத்து, மடல் மேலே போய், அதன் நிழல் என் முகத்தில் விழுந்ததா? இதோ நிழல் வருகிறது, இதோ என் குரலும் வருகிறது, இழு மாப்ளே, தெளிவாக, ரேடியோவில் மாதிரி. வராதே. நீ நேற்று இல்லை. நீ இப்போது வந்தவன். சொல்லவில்லை. சிரித்து முடித்து, தகர மூடியைத் திருகினேன். எட்டுத் திருகு. அவன் தூக்குப்போசி மூடியைத் தட்டினான். டங்.

எட்டு ஐம்பது. காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். ரேடியோ இடுப்பில் தொங்குகிறது, கட்டைவிரலை வைத்தால் போதும், மாப்ளே வால்ல பின் இல்லை. அவ்வளவுதானே. நாலு வார்த்தை. அவன் நம்பமாட்டான் என்பதல்ல, நம்புவான், என் குரல் அப்படி இருக்கும். நம்பினால் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். அவனுக்குப் பயம் கையில்தான் வரும். மோட்டார் சைக்கிளில் நான் பின்னால், அவன் முன்னால், குறுக்கே ஒரு நாய், பிரேக்கை விட்டுவிட்டு ஹேண்டில்பாரை மாரோடு சேர்த்து இழுத்தான், மாட்டுக் கயிற்றை இழுப்பது போல, இரண்டு பேரும் பி.ஏ.பி. வாய்க்காலுக்குள். தூக்கி நிறுத்திய பிறகும் இரண்டு கையும் இழுத்தபடியே இருந்தன, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டேன். பயந்தால் இழுப்பான். இழுத்தால் மடலில்தான் அத்தனை பாரமும் போய்ச் சேரும், அரைச் சுற்றில் நிற்கிற நட்டு, எத்தனை சுற்றோ, எனக்குத் தெரியாது, ஒருவேளை நட்டே கீழே எங்காவது சோளக்காட்டில் கிடக்கலாம், போல்ட்டு மட்டும் கிரீஸில் ஒட்டி நிற்கலாம். சொல்லாமல் விட்டால்? சொல்லாமல் விட்டால் ஒன்பதடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது வருவான், எப்போதும் போல என் தலைக்கு மேலே தாழ்வாக வந்து, எனக்காக, நான் ஓட்டமுடியாமல் கீழே நிற்கிறேனே என்று எனக்காக, விருட்டென்று மேலே இழுத்து ஒரு வளைப்பு வளைப்பான். மச்சாவுக்கு ஒரு சலாம் என்பான் அதை. நான் கைதட்டுவேன். அந்த வளைப்பில் போய்விடும். சொன்னாலும் சாவான், சொல்லாவிட்டாலும் சாவான், எழுபத்து நாலு வயசில் எனக்குக் கிடைத்த கணக்கு இது. பின்னை உதட்டில் வைத்துக் கவ்வினேன், ஏன் என்று தெரியவில்லை. இரும்பு ருசி. பாவாயி இந்நேரம் அடுப்பில் கொள்ளுப் பருப்பு வைத்திருப்பாள், தம்பி சாப்பிட வருவானென்று. உயிருள்ள மனுஷனை மெதுவாக ஓட்டவைப்பது எது? பயம் இல்லாமல் மெதுவாக. மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி. மரியாதை. யாராவது பெரிய ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் சென்னியப்பன் சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போடுவான்.

பின்னை வாயிலிருந்து எடுத்தேன். ரேடியோவை அமுக்கினேன். “மாப்ளே.” கரகரவென்று வந்தான், “சொல்லுங் மச்சா, மேல சொர்க்கமுங்க, மயிலு ஒண்ணு எனக்குக் கீழ பறக்குது, நீங்க சொன்னா ஊரு நம்பாது, நாஞ் சொன்னா நம்பும்.” சிரிக்கிறான். “மாப்ளே, ஆபீசர் வந்திருக்காரு.” “ஆருங்?” “விமான ஆபீசு. டெல்லிக்காரரு. காரு இப்பத்தான் வந்து நின்னுச்சு.” சொல்லச் சொல்ல அவர் வந்தே விட்டார், ஆடுகளுக்கும் எனக்கும் நடுவில், வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பச்சை ஃபைல், வெயிலுக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு. “சொல்லாம கொள்ளாமயா?” “அப்படித்தான் வருவாங்களாம். உன்ற ஓட்டத்தப் பாக்கோணுங்கறாரு. பாத்துட்டு ஃபைல்ல எழுதுவாராம். சலாம் கிலாம் ஒண்ணும் வேண்டாம், புரியுதா? ஒரு வளைப்பு வளைச்சாலும் லைசென்ஸப் புடுங்கிப் போடுவாரு.” அவன் குரல் மாறிவிட்டது, பள்ளிக்கூடத்துக் குரல். “என்ன பண்ணோணுமுங்க மச்சா?” என் குரல் ஆடவில்லை. என்ன ஜென்மம் நான், குரல் ஆடவில்லை. “ரொம்பத் தொலைவுல இருந்தே நேரா வரச்சொல்றாரு. ஸ்டிக்க ரெண்டே வெரல்ல புடிக்கோணுமாம். ஏறறதும் எறங்கறதும் எஞ்சினாலதான். கேஸக் கூட்டுனா ஏறும், கொறச்சா எறங்கும், ஸ்டிக்க இழுக்கவே கூடாது. அதுதான் பரீட்சை.” “எறங்கறப்பக்கூடவா? கடசீல மூக்கத் தூக்க வேண்டாமுங்களா?” “வேண்டாம். வேகமா வந்து முன்சக்கரம் ரெண்டும் தரையில உருளட்டும், வாலு அதுவா எறங்கும். ஓடுபாதை எத்தனை நீளமோ அத்தனையும் எடுத்துக்க.” “அந்தாளு எதுக்கு இத்தனை கஷ்டமாக் கேக்கறாரு?” “நாக்குல ‘ச்சு ச்சு’ன்னு ஒரு பழக்கம் அவருக்கு” என்றேன், ஏன் சொன்னேன், தேவையே இல்லை, ஆனால் அதைக் கேட்டு அவன் மூச்சு விடுவது தெரிந்தது, இனி நம்புவான், ச்சு ச்சு என்பவரை யாராலும் இட்டுக்கட்ட முடியாது.

காற்று வந்துவிட்டது. ஒன்பதடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டது, ஆவாரஞ்செடிகள் ஒருபக்கமாகத் தலை சாய்க்கின்றன, காற்றடித்தால் மூக்கு துள்ளும், துள்ளினால் கை இழுக்கும். மேற்கே ஒரு புள்ளி. நேராக வருகிறான், நான் சொன்ன மாதிரியே, கயிற்றில் கட்டி இழுத்தாற்போல. புள்ளிக்கு இறக்கை முளைக்கிறது. “பேசிட்டே இருங்க மச்சா, அவரு என்ன பண்றாரு?” “குடிக்கத் தண்ணி கேட்டாரு.” ஒரு துள்ளல். இடது இறக்கை சாய்ந்து நிமிர்கிறது. மூக்கு குனிகிறது, மிகவும் குனிகிறது, இழுக்காதே, இழுக்காதே, “கேஸு மாப்ளே, கேஸு, அவரு பாத்துட்டிருக்காரு,” எஞ்சின் உறுமுகிறது, மூக்கு மெல்ல எழுகிறது. வால் மடல் தனியாக நடுங்குகிறது. அல்லது என் கண் நடுங்குகிறது. கண்ணாடி இன்னும் பையில்தான் இருக்கிறது. சாமிக்கண்ணு, இது ஒன்றை மட்டும் விட்டுவிடு, கிரீஸ் டப்பா கதையை இனிச் சொல்லமாட்டேன், பொய், சொல்வேனா, சொல்லமாட்டேன். ஆடுகள் ஓடுகின்றன. தென்னை உயரம், பனை உயரம் அல்ல, தென்னைதான், வேகம் அதிகம், அதிகமாகவே இருக்கட்டும், மல்லிகைப் பந்தல் உயரம், சக்கரம், புழுதி, ஒரு குதி, கை இழுத்துவிடும், இழுக்கவில்லை, மறுபடி சக்கரம், புழுதிக்குள் ஓடுகிறது, ஓடுகிறது, வால் தானாக இறங்குகிறது, நாய் உட்காருகிற மாதிரி. ஓடுபாதை முடிய மூன்று வண்டி தூரம் இருக்கையில் நின்றது. எஞ்சின் அணைந்த பிறகுதான் நான் இவ்வளவு நேரமும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது.

ஓடமுடியவில்லை, நடந்தேன். இறங்கி நின்று தலைமுடியைக் கையால் படிய வைத்துக்கொண்டிருந்தான், சட்டைப் பட்டன் கழுத்துவரை போட்டிருந்தது, அறுபது வயசுக்காரன், பரீட்சை எழுதிவிட்டு வந்த முகம். “ரெண்டே வெரலுங்க மச்சா. அவரு பாத்தாருங்களா? எங்கீங்க ஆளு? காரையே காணம்?” ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வாலுக்குப் போய் மண்டியிட்டேன். எட்டுத் திருகு. அவன் பின்னாலேயே வந்து நின்றான், இன்னும் ஓடுபாதையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. ஏழாவது திருகில் கை வழுக்கியது, நகத்தில் பட்டது, இப்போது நிஜமாகவே ரத்தம். தகர மூடி வந்தது. சுக்கானில் பின் இருந்தது, கால் விரித்து, அழகாக. மடலில் நட்டு இல்லை. போல்ட்டு முக்கால்வாசி வெளியே வந்து, ஒரு நகக்கண் அளவுக்கு மட்டும் துளையில் நின்றுகொண்டிருந்தது. சென்னியப்பன் குனிந்தான். வெகுநேரம் பார்த்தான். ஒரு விரலை நீட்டித் தொட்டான், தொட்டான் என்றுகூடச் சொல்லமுடியாது, அது அவன் உள்ளங்கைக்குள் விழுந்தது. மடல் தளர்ந்து கீழே தொங்கியது.

நான் கையை விரித்துப் பின்னைக் காட்டினேன். அவன் பின்னைப் பார்த்தான், போல்ட்டைப் பார்த்தான், பிறகு காரும் இல்லாத ஆபீசரும் இல்லாத ஓடுபாதையைப் பார்த்தான். கழுத்துப் பட்டனைக் கழற்ற முயன்றான், விரல்கள் கேட்கவில்லை. நான் போய் உதவவில்லை, என் கையை அவன் பக்கத்தில் கொண்டுபோகவே பயமாக இருந்தது. அப்படியே சக்கரத்தின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். “நேத்து” என்றான். “அந்த முதலை.” ஆமாம் என்று தலையை ஆட்டினேன். “நாந்தான கேட்டேன்.” இல்லை மாப்ளே, என்று சொல்ல வாயைத் திறந்தேன், திறந்த வாய் திறந்தபடியே இருந்தது, அவன் அதைப் பார்த்தான், எனக்கு அது தெரிந்து மூடிக்கொண்டேன். காற்று பலமாக அடித்தது, தொங்குகிற மடல் டப் டப்பென்று அடித்துக்கொண்டது. போல்ட்டை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், சென்னியப்பன் கேட்டான்:

“அப்புறம்?”

ஐம்பது வருஷத்தில் முதல்முறையாக, அந்தச் சொல்லைக் கேட்டும் பின்னை உதட்டில் வைத்து இறுக்கிக் கவ்விக்கொண்டேன்.